ஐஸுக்குள் யார் இருக்கிறார்கள்? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குளிரையும் கிருமியையும் பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். அண்டார்டிகா பனிப்பாறையிலிருந்து ரத்தம் வழிவது போன்ற ஒரு படம் மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (தேனி வாசகர்): மீனை ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடுவதில்லை. குளிரில் பாக்டீரியா செத்துவிடுகிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் அண்டார்டிகாவில் பனிக்கு அடியில் பாக்டீரியா வாழ்வதாகச் சொல்கிறார்களே, அது எப்படி சார்?

பதில்: முதலில் அந்த 'செத்துவிடுகிறது' என்பதைச் சரிசெய்துவிடலாம். ஃப்ரீசர் கிருமியைக் கொல்லும் கருவி இல்லை, அதைப் பெருகவிடாமல் நிறுத்திவைக்கும் கருவி. உறையும்போது ஒரு பகுதி சாகத்தான் செய்யும், ஆனால் மிச்சம் அப்படியே இருக்கும். மீனை வெளியே எடுத்து வைத்தால் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிடும். ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாவைப் பல வருடம் பத்திரப்படுத்த வேண்டுமென்றால் அவர்கள் செய்வதே இதுதான்: கொஞ்சம் கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற உயிரியலாளர் 1988ல் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை வைத்து ஒரு பரிணாமச் சோதனையைத் தொடங்கினார். அதில் ஒவ்வொரு 500 தலைமுறைக்கும் ஒரு பங்கை இப்படி உறைய வைத்து எடுத்து வைக்கிறார்கள். வேண்டும்போது மூதாதையை உருக்கி எழுப்பி, அதன் பல்லாயிரம் தலைமுறைக்குப் பிந்தைய வாரிசுகளோடு ஒரே குடுவையில் போட்டிக்கு விடுகிறார்கள். பாட்டனும் பேரனும் ஒரே வயதில் மோதிக்கொள்கிற மாதிரி ஒரு காட்சி நம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

சரி, குளிர் உண்மையில் என்னதான் செய்கிறது? குளிர் தானாக உள்ளே போய் எதையும் கொல்வதில்லை. பிரச்சினை தண்ணீர். செல்லுக்கு வெளியே இருக்கும் நீர் முதலில் உறைகிறது. ஐஸ் உருவாகும்போது உப்பை உள்ளே சேர்த்துக்கொள்ளாது, வெளியே தள்ளிவிடும். அதனால் உறையாமல் மீந்திருக்கும் நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது, அந்த உப்பு செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது, கடைசியில் சுற்றிலும் ஐஸாக நீர் கொட்டிக்கிடக்க செல் உள்ளுக்குள் காய்ந்துபோகிறது. அதாவது உறைபனி என்பது பாக்டீரியாவைப் பொறுத்தவரை ஒரு வறட்சி. படுவேகமாக உறைந்தால் இன்னொரு ஆபத்து: நீர் வெளியேற நேரமில்லாமல் செல்லுக்குள்ளேயே ஐஸ் படிகங்கள் உருவாகி உள்ளே இருப்பதையெல்லாம் கிழித்துவிடும்.

ஆனால் இதே உப்புதான் தப்பிக்கும் வழியையும் திறந்துவிடுகிறது. கடல்பனியைப் பார்த்தால் கல் மாதிரி கெட்டியாகத் தெரியும், ஆனால் அதற்குள் முடியைவிட மெல்லிய இடுக்குகளில் கடும் உப்புநீர் உறையாமல் நிற்கிறது. மைனஸ் 20 டிகிரியில்கூட நிற்கிறது, சாதாரணக் கடல்நீரைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு உப்போடு. பாக்டீரியா குடியிருப்பது அங்கேதான். 'ஐஸில் வாழ்கிறது' என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, அது வாழ்வது ஐஸுக்கு நடுவே மிஞ்சிய தண்ணீரில்.

அந்த உப்புநீரில் காயாமல் இருக்க அவை தங்கள் உடலுக்குள் சில பொருள்களைச் சேமித்து வைக்கின்றன. கிளைசின் பீட்டைன், ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை போன்றவை. இவை செல்லின் வேலைகளைக் கெடுக்காமல் உள்ளே அடர்த்தியை மட்டும் கூட்டும். அதனால் வெளியே இருக்கும் உப்பால் நீரை அவ்வளவு எளிதில் இழுத்துவிட முடியாது. இதற்கு மேல் பல வகைகள் கொழகொழவென்று ஒரு சர்க்கரைக் கூழைச் சுரந்து தங்களைச் சுற்றிப் பூசிக்கொள்கின்றன. அந்தக் கூழுக்குள் ஐஸ் படிகம் நன்றாக வளர முடியாது, கொஞ்சம் நீரும் தங்கும்.

அடுத்தது மேல்சவ்வு. மார்கழி மாதம் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது, பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றும். பாக்டீரியாவின் மேல்சவ்வும் கொழுப்பால் ஆனதுதான், அதன் கதையும் இதே கதைதான். நேரான கொழுப்பு அமிலங்கள் குளிரில் நெருங்கி அடுக்கிக்கொண்டு கெட்டியாகிவிடும். சவ்வு கெட்டியானால் உணவு உள்ளே வராது, கழிவு வெளியே போகாது. அதனால் குளிர்வாழ் பாக்டீரியாக்கள் தங்கள் கொழுப்பு அமிலங்களில் நடுவே ஒரு வளைவை உண்டாக்கிவிடுகின்றன, அல்லது சங்கிலியைக் குட்டையாக்குகின்றன, அல்லது பக்கக் கிளை வைத்துக் கட்டுகின்றன. நோக்கம் ஒன்றுதான், அடுக்க முடியாதபடி செய்வது. அதனால் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் சவ்வு இளக்கமாகவே இருக்கிறது.

அப்புறம் என்சைம்கள், அதாவது செல்லின் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வேதிவினையின் வேகம் பொதுவாகப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். 37 டிகிரியில் ஓடும் வேலை பூஜ்ஜியத்தில் எவ்வளவு மந்தமாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். குளிர் பாக்டீரியாக்களின் என்சைம்கள் இதற்கு ஈடுகொடுக்கத் தளர்வாகக் கட்டப்பட்டிருக்கின்றன. நம் உடலில் இருக்கும் என்சைமை இறுக்கிப் பிடித்திருக்கும் பல பிணைப்புகள் அவற்றில் குறைவு, அதனால் குறைந்த வெப்பத்திலும் வளைந்து நெளிந்து வேலை செய்ய முடிகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. கொஞ்சம் சூடு பட்டாலே உருக்குலைந்துவிடும். அண்டார்டிகா பாக்டீரியா ஒன்றிலிருந்து எடுத்த பாஸ்பேட்டேஸ் என்ற என்சைமை மரபணு ஆய்வுக்கூடங்கள் காசு கொடுத்து வாங்குவதே இந்தப் பலவீனத்துக்காகத்தான். வேலை முடிந்ததும் சில நிமிடம் சூடாக்கினால் போதும், செயலிழந்துவிடும், தனியாகப் பிரித்தெடுக்க வேண்டியதில்லை. குளிர் நீரில் அழுக்குப் போக்கும் சலவைத்தூள்களிலும் குளிரில் இயங்கும் என்சைம்களுக்கு வேலை இருக்கிறது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. மாரினோமோனாஸ் பிரைமோரியென்சிஸ் என்று அண்டார்டிகா ஏரி ஒன்றில் வாழும் ஒரு பாக்டீரியா. அந்த ஏரியின் மேல்பரப்பு உறைந்து கிடக்கும், ஐஸுக்கு நேர் அடியில்தான் வெளிச்சமும், பாசியும், ஆக்சிஜனும். கீழே விழுந்தால் பட்டினி. அதனால் இது மிக நீளமான ஒரு புரதத்தை வைத்திருக்கிறது, அதன் ஒரு முனை தன் உடலில், மறுமுனை ஐஸில். உறைபனியைப் பார்த்து ஓடாமல் அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டு வாழ்கிறது!

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): எவ்வளவு குளிர் வரை பாக்டீரியா தாங்கும்? மைனஸில் ஒரு எண் சொல்லுங்கள்.

பதில்: எந்தத் தாங்கல் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பெருகுவதா, மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருப்பதா, எதுவும் செய்யாமல் சாகாமல் கிடப்பதா? மூன்றுக்கும் எண் வேறு.

சாகாமல் கிடப்பதற்குக் கீழ்எல்லை என்று எதுவும் இல்லை என்றே சொல்லலாம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்தும் பின்னால் எழுப்புகிறார்கள்.

பெருகுவதில் பதிவான எண்களில் மிகக் கீழானது மைனஸ் 15. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் நிரந்தரமாக உறைந்த மண்ணில் கிடைத்த பிளானோகாக்கஸ் ஹாலோகிரையோஃபிலஸ் என்ற பாக்டீரியா அந்தக் குளிரில் 18 சதவீத உப்புநீரில் இரண்டாகப் பிரிகிறது. மைனஸ் 25லும் மூச்சு விடுகிறது, அதாவது உணவை எரித்துக் கார்பன் டை ஆக்ஸைடு வெளியிடுகிறது. மெக்கில் பல்கலைக்கழகத்தில் லைல் வைட்டின் குழு இதை 2013ல் அறிவித்தது. வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். அலாஸ்காவின் பாயின்ட் பாரோ அருகே கடல்பனியில் கிடைத்த சைக்ரோமோனாஸ் இங்ராஹாமி என்ற இன்னொன்று மைனஸ் 12ல் ஒரு முறை இரண்டாகப் பிரிய 240 மணி நேரம், அதாவது பத்து நாள் எடுத்துக்கொள்கிறது. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் முடித்துவிடும் வேலை இது.

மைனஸ் 20ஐ ஒட்டி ஏன் எல்லை வருகிறது என்பதற்கு 2013ல் ஆண்ட்ரூ கிளார்க் குழுவினர் ஒரு நல்ல விளக்கம் தந்தார்கள். மெதுவாகக் குளிரும்போது செல் நீரை இழந்துகொண்டே வந்து, மைனஸ் 10க்கும் மைனஸ் 26க்கும் இடையே எங்காவது உள்ளிருப்பது கண்ணாடி போன்ற திடநிலைக்குப் போய்விடுகிறது. உள்ளே மூலக்கூறுகள் நகர முடியாவிட்டால் உயிர்ச்செயல் எதுவும் நடக்காது. வேடிக்கை என்னவென்றால், கண்ணாடியாகிவிட்ட செல்லுக்கு அதற்குப் பிறகு எவ்வளவு குளிர் வந்தாலும் கவலையில்லை. ஆபத்தான பகுதியைக் கடந்துவிட்டது.

கேள்வி (மதுரை, சேலம், காரைக்கால் வாசகர்கள்): அந்த ரத்த அருவி படம் நிஜமா, ஃபோட்டோஷாப்பா?

பதில்: படம் நிஜம், ரத்தம் இல்லை. அண்டார்டிகாவின் மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளில் டெய்லர் பனியாற்றின் நுனியில் அது வழிகிறது. 1911ல் கிரிஃபித் டெய்லர் என்ற நிலவியலாளர் முதலில் பார்த்தார், அப்போது சிவப்புப் பாசி என்று நினைத்தார்கள். உண்மையில் அது இரும்பு. பனியாற்றுக்கு அடியில் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேலாக அடைபட்டுக் கிடக்கும் ஆக்சிஜன் இல்லாத உப்புநீர் அது, கடல்நீரைவிட உப்பு அதிகம், மைனஸ் 5 டிகிரி வாக்கில் இருந்தும் உறையவில்லை. வெளியே வந்து காற்று பட்டதும் அதிலுள்ள இரும்பு துருப்பிடித்துச் சிவக்கிறது.

எனக்குச் சிவப்பைவிட உள்ளே இருப்பவர்கள்தான் ஆச்சரியம். வெளிச்சம் இல்லை, ஆக்சிஜன் இல்லை, புதிதாகச் சாப்பாடு வர வழியில்லை. 2009ல் ஜில் மிக்குக்கியின் குழு காட்டியது இது: அங்குள்ள நுண்ணுயிரிகள் எப்போதோ சிக்கிக்கொண்ட கரிமப் பொருளைத் தின்று, மூச்சுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பாறையிலிருந்து வரும் இரும்பைப் பயன்படுத்துகின்றன, இடையில் சல்பேட்டும் உதவுகிறது. நாம் இரும்புச்சத்து என்று மாத்திரை விழுங்குகிறோம், அவை இரும்பில் மூச்சே விடுகின்றன.

இதைவிடப் பெரிய கூட்டம் வேறோர் இடத்தில் இருக்கிறது. மேற்கு அண்டார்டிகாவில் 800 மீட்டர் பனிக்கு அடியில் இருக்கும் வில்லன்ஸ் ஏரி. 2013 ஜனவரியில் கிருமி நீக்கிய வெந்நீரால் துளைபோட்டு இறங்கி நீரை எடுத்தார்கள். ஒரு மில்லிலிட்டரில் சுமார் 1,30,000 செல்கள். பலவும் அம்மோனியம், மீத்தேன் போன்றவற்றை எரித்து வாழ்பவை. வெந்நீரைக்கூட ஏன் கிருமி நீக்கினார்கள் என்று கேட்கலாம். நம் பாக்டீரியாவைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, "கண்டுபிடித்துவிட்டோம்" என்று சொல்லக்கூடாது இல்லையா? இந்தத் துறையில் பாதிச் சண்டையே அதைப் பற்றித்தான்.

கேள்வி (புதுச்சேரி, எட்டாம் வகுப்பு மாணவர்): பாக்டீரியாவுக்குக் குளிருமா?

பதில்: நடுங்காது தம்பி, நரம்பு கிடையாது. ஆனால் குளிர்வது அதற்குத் தெரியும். மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸின் மேல்சவ்வில் டெஸ்கே என்று ஒரு புரதம் இருக்கிறது. குளிரில் சவ்வு தடித்ததும் அது உணர்ந்து, கொழுப்பில் வளைவு உண்டாக்கும் மரபணுவைத் தட்டிவிடும்.

கேள்வி (கோத்தகிரி வாசகர்): இங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து தேயிலை, காய்கறியெல்லாம் கருகுகிறது. உறைபனியை உண்டாக்குவதே ஒரு பாக்டீரியா என்று படித்தேன். உண்மையா?

பதில்: உறைபனியைக் கொண்டுவருவது தெளிந்த வானமும் இரவுக் குளிரும்தான். ஆனால் அந்தக் குளிரில் இலை உறைய வேண்டுமா வேண்டாமா என்பதில் பாக்டீரியாவுக்கும் கை உண்டு. தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் தானாக உறைந்துவிடும் என்றுதான் பள்ளியில் படித்தோம். மிகச் சுத்தமான நீரின் சிறு துளிகள் மைனஸ் 38 வரைகூட உறையாமல் இருக்கும். உறைவதற்கு முதலில் ஒரு பிடிமானம் வேண்டும். இலைமேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் மேல்புறத்தில் இருக்கும் ஒரு புரதம் நீர் மூலக்கூறுகளை ஐஸ் படிகத்தின் ஒழுங்கில் நிறுத்திவைக்கிறது. அதனால் மைனஸ் 2 டிகிரியிலேயே உறைதல் தொடங்கிவிடும். இது இல்லாத இலை இன்னும் சில டிகிரி தாக்குப்பிடித்திருக்கும். இலை உறைந்து செல் உடைந்தால் பாக்டீரியாவுக்கு உள்ளே போக வழியும் சாப்பாடும் கிடைக்கிறது. குளிரைத் தாங்குவதோடு நிற்காமல் அதை ஆயுதமாக்கிக்கொண்ட ஜாதி இது.

கலிஃபோர்னியாவில் ஸ்டீவன் லிண்டோ இதன் ஐஸ் மரபணுவை நீக்கிய ஒரு வகையை உருவாக்கினார். 1987ல் ஸ்ட்ராபெரி வயலில் அதைத் தெளித்துப் பார்த்தார்கள். மரபணு மாற்றிய உயிரி ஒன்றை அரசு அனுமதியோடு திறந்த வெளியில் விட்டது அதுதான் முதல் தடவை. எதிர்ப்பாளர்கள் இரவோடு இரவாக வந்து செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். இதற்கு நேர் எதிராக, மாற்றப்படாத பாக்டீரியாவின் அதே புரதத்தைப் பனிச்சறுக்கு மைதானங்களில் செயற்கைப் பனி செய்யப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் தோட்டத்துக்கு இப்போதைக்கு வழக்கமான நீர்த்தெளிப்பும் மூடாக்கும்தான் கைகொடுக்கும்.

கேள்வி (வேலூர் வாசகி): உலகம் சூடாகி வடதுருவப் பக்கம் உறைந்த மண் உருகினால், பழைய கிருமிகள் எழுந்துவந்து கொள்ளைநோய் பரப்புமா?

பதில்: சினிமா அளவுக்குப் பயப்பட வேண்டாம், சிரித்துத் தள்ளவும் வேண்டாம். 2016 கோடையில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டது. அந்த வருடம் அங்கே கால்நடைகளையும் மனிதரையும் தாக்கும் ஆந்த்ராக்ஸ் என்ற பாக்டீரியா நோய் பரவி 2,000க்கு மேற்பட்ட கலைமான்கள் செத்தன, 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அந்தப் பகுதியில் அதற்கு முன் அந்நோய் வந்தது 1941ல். உறைமண் உருகி, பழைய தொற்றில் செத்துப் புதைந்த விலங்குகளிலிருந்து வித்துகள் வெளிவந்திருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கலைமான்களுக்குத் தடுப்பூசி போடுவதை நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் அதில் கிருமியைவிட நிர்வாகத்தின் பங்கு குறைவில்லை.

ஆந்த்ராக்ஸ் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அதன் வித்து. தடித்த உறைக்குள் நீர் வற்றிய நிலையில் எதுவும் செய்யாமல் கிடக்கும். ஆனால் பல லட்சம் வருடம் என்று வந்தால் சும்மா கிடப்பவரைவிடக் கொஞ்சமாவது வேலை செய்பவருக்கே லாபம் போலிருக்கிறது. சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சு டிஎன்ஏவை மெல்ல உடைத்துக்கொண்டே இருக்கும், தூங்குபவரால் அதைப் பழுதுபார்க்க முடியாது. ஐந்து லட்சம் ஆண்டு வரை பழைய உறைமண்ணில் டிஎன்ஏவைப் பழுதுபார்த்துக்கொண்டே இருந்த பாக்டீரியாக்களின் தடயத்தை 2007ல் வெளியிட்டார்கள். அவை பெரும்பாலும் வித்து உண்டாக்காத வகைகள்.

அப்படி எழுந்துவருபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நம் உடலுக்குள் வேலையே இல்லை. அசல் குளிர்விரும்பிகளுக்கு 20 டிகிரிக்கு மேல் வளரவே முடியாது, நம் உடம்போ 37 டிகிரி. ஆந்த்ராக்ஸ் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை, குளிரில் மாட்டிக்கொண்ட வெப்ப உடல்வாசி.

கேள்வி (நெய்வேலி வாசகர்): இதிலெல்லாம் இந்தியர்கள் யாராவது ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா?

பதில்: நிறையவே. அண்டார்டிகாவில் நம் மைத்ரி நிலையம் இருக்கும் ஷிர்மாக்கர் பாலைச்சோலை மண்ணிலிருந்து, ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் எஸ்.சிவாஜி குழுவினர் ஸ்பிங்கோபாக்டீரியம் அண்டார்டிகஸ் என்ற புதிய இனத்தை 1992ல் விவரித்தார்கள். அதன் பிறகும் அந்தக் குழு பல புதிய இனங்களைக் கண்டுபிடித்தது. 2005ல் ஹைதராபாத்திலிருந்து இஸ்ரோ விட்ட பலூன் 20 முதல் 41 கிலோமீட்டர் உயரத்தில் காற்றைப் பிடித்து வந்தது. அதிலிருந்து கிடைத்த மூன்று புதிய பாக்டீரியாக்களில் ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயர், இன்னொன்றுக்கு ஆரியபட்டரின் பெயர். நம் ஊடகங்கள் இதற்கெல்லாம் இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): வீட்டு ஃப்ரிட்ஜில் வளரும் கிருமி உண்டா? மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள், அதனால் கேட்கிறேன்.

பதில்: உண்டு அம்மா. தோசைமாவு ஃப்ரிட்ஜிலும் மெல்லப் புளித்துக்கொண்டே போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அது நல்ல பாக்டீரியா, பயமில்லை. பாலில் வளரும் சில சூடோமோனாஸ் வகைகள் குளிரில் பெருகி ஒரு என்சைமை விட்டுவைக்கும். மேலே சொன்ன தளர்வான என்சைம்களைப் போல இல்லாமல் இது சூட்டைத் தாங்கும். காய்ச்சினால் பாக்டீரியா செத்துவிடும், என்சைம் சாகாது, அதனால்தான் சிலசமயம் காய்ச்சிய பாலும் கசக்கிறது. அதிலும் பெரிய ஆபத்தில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது உணவு வழியே தொற்றும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா. 4 டிகிரியிலும் நிதானமாகப் பெருகும், பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் நிற்கும், ஃப்ரீசரில் வளராவிட்டாலும் உயிரோடு கிடக்கும். ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, கர்ப்பிணிகளுக்குத் தொற்றினால் கருச்சிதைவு வரை போகலாம். சூடு மட்டும் அதற்கு ஆகாது. அதனால் மருமகளுக்குக் காய்ச்சாத பாலும், பச்சைப்பாலில் செய்த மென்மையான சீஸும் வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழைய குழம்பையோ சோற்றையோ கொடுப்பதாக இருந்தால் லேசாக வெதுவெதுப்பாக்கி நிறுத்தாமல், நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சுடவையுங்கள். மூன்று நாளைத் தாண்டியதைக் கொடுக்கவே வேண்டாம். காய்ச்சலோ உடல்வலியோ வந்தால் சாதாரண ஜுரம் என்று விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.